கடல் ஒத்துக்காத கொள்ளையனின் தப்புப் பதில்கள்

எங்கள் கொள்ளையனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கப்பலில் கால் வைத்தால் வாந்தி. கரையில் கால் வைத்தால் போலீஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் எப்படித் தொழில் பார்க்கிறான் என்பதைத்தான் கல்லூரியின் கடைசி வருட ப்ராஜெக்டாக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டாகச் செய்தோம். பெயர், 'கடல் ஒத்துக்காத கொள்ளையன்'. துறைத் தலைவர் அனுமதி கொடுத்த அன்று தலைப்பை முழுசாகப் படிக்கவில்லை. 'கடல்' என்ற முதல் வார்த்தையைப் பார்த்ததும் ஏதோ வானிலை ஆராய்ச்சி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரைத் திருத்தும் அளவுக்கு எங்களுக்கு வயசாகவில்லை.

இந்த மாதிரி விளையாட்டில் சுடுவது, ஓடுவது, தாவுவது எதுவும் கிடையாது. திரையில் ஒரு படம் இருக்கும். கீழே கொள்ளையனின் பை. பையிலிருந்து ஒரு பொருளை மவுஸால் எடுத்துப் படத்தில் இருக்கும் எதன்மேலாவது போட வேண்டும். சரியான பொருள் சரியான இடத்தில் விழுந்தால் கதை நகரும். தப்பாக விழுந்தால் கொள்ளையன் ஏதாவது சொல்வான். அவ்வளவுதான். இதில் சாகவே முடியாது. முட்டாளாக மட்டும்தான் ஆக முடியும்.

நாங்கள் மூன்று பேர். கோடு, அதாவது கம்ப்யூட்டருக்கான நிரல், எழுதியவன் மேனேஜர். தண்ணீர் குடிக்கக்கூட அட்டவணை போடுகிறவன் என்பதால் முதல் வருடத்திலேயே அந்தப் பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. படம் வரைந்தது நான். மூன்றாவது ஆள் வாயாடி. கொள்ளையன் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அவள் எழுதியது. அவளை வகுப்பில் இரண்டு தடவை பேசியதற்காக வெளியே அனுப்பியிருக்கிறார்கள், ஒரு தடவை பேசாமல் இருந்ததற்காக. அன்றைக்கு ஏதோ திட்டம் போடுகிறாள் என்று சந்தேகப்பட்டார்கள்.

சண்டை ஆரம்பித்தது கணக்கில்தான். பையில் மொத்தம் முப்பத்து நான்கு பொருட்கள். கதை நடக்கும் தீவு முழுக்க அவற்றைப் போட்டுப் பார்க்க அறுபத்தொரு இடங்கள். பெருக்கினால் இரண்டாயிரத்து எழுபத்து நான்கு. அதில் சரியானவை பத்தொன்பது. மீதி இரண்டாயிரத்து ஐம்பத்தைந்தும் தப்பு.

"தப்பு எல்லாத்துக்கும் ஒரே பதில் போதும்," என்றான் மேனேஜர். "'அது நடக்காது'ன்னு போடு. வேலை முடிஞ்சுது."

"நீ வாழ்க்கையில யாருகிட்டயாவது ரெண்டாயிரம் தடவ 'அது நடக்காது'ன்னு சொல்லிப் பாத்திருக்கியா?" என்றாள் வாயாடி.

"எங்கப்பா சொல்லியிருக்காரு."

"அதான் நீ இப்படி இருக்கே."

அவள் இரண்டாயிரத்து ஐம்பத்தைந்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தாள். பஸ்ஸில் எழுதினாள். கேண்டீனில் எழுதினாள். புள்ளியியல் தேர்வில் கூடுதல் தாள் கேட்டு வாங்கி அதிலும் எழுதினாள். நடுநடுவே என்னை நிறுத்தி வைத்து, "நங்கூரத்தக் கொண்டுபோய்க் கிளி மேல வெச்சா நீ என்னடா சொல்லுவ?" என்று கேட்பாள். பாவம் கிளி என்பேன். "உன்கிட்ட கேட்டேன் பாரு," என்று அவளே ஏதோ எழுதிக்கொள்வாள். ஆறு மாதம். அவள் எழுதிய அட்டவணையை மேனேஜர் விளையாட்டில் ஏற்றுவான், ஏற்றும்போது பெருமூச்சு விடுவான். ஒரு வரியைக்கூட அவன் படித்ததில்லை. விளையாட்டைச் சோதிக்கும்போது நாங்கள் எல்லோருமே சரியான பத்தொன்பதை மட்டும்தான் அழுத்துவோம். விடை தெரிந்தவன் எதற்குத் தப்பாகச் செய்வான்?

ப்ராஜெக்ட் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் துறைத் தலைவர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். யார் யார் எவ்வளவு உழைத்தோம் என்று ஒரு தாள் நிரப்ப வேண்டும்.

"கோடு எத்தனை வரி தம்பி?"

"பதினோராயிரம் சார்," என்றான் மேனேஜர்.

அவர் முகத்தில் ஒரு தகப்பனின் நிறைவு. என் பக்கம் திரும்பினார். நாற்பத்தாறு படம் என்றேன். அச்சடித்தால் கலரில் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். கலரில் வருவது உழைப்புதான் என்று ஒப்புக்கொண்டு எழுதிக்கொண்டார்.

"நீ என்னம்மா பண்ணின?"

"ரெண்டாயிரத்து அம்பத்தஞ்சு சார்."

"கோடா?"

"இல்ல சார். பதில்."

"கேள்வி யாரு கேட்டா?"

அவளுக்குப் பதில் இல்லாமல் போனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளில் அவள் பெயரின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"இது இன்ஜினியரிங் காலேஜும்மா. கோடு எழுதாதவங்களுக்கு நான் மார்க் குடுத்தா நாளைக்கு லேப் வாசல்ல நிக்கிற பூனைக்கும் குடுக்கணும். வெளித் தேர்வாளர் பாத்து, இதுவும் வேலைதான்னு சொன்னா, பேனாவால உன் பேரு எழுதறேன். இல்லன்னா அடுத்த வருஷம் புதுசா ஒரு ப்ராஜெக்ட் பண்ணு."

அடுத்த வருடம் என்பது வெறும் அடுத்த வருடம் இல்லை. அவள் தங்கச்சி எங்கள் துறையிலேயே, எங்களுக்குச் சரியாக ஒரு வகுப்பு கீழே. வகுப்பில் முதல் மாணவி. வாயாடி வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அந்த மகராசி, "கவலப்படாதக்கா, என் பக்கத்துல சீட்டு இருக்கு. ஆனா கிளாஸ்ல பேசக்கூடாது, எனக்கு டிஸ்டர்ப் ஆகும்," என்றாளாம். அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "ரெண்டு பேரும் ஒரே புக்க வெச்சுப் படிச்சுக்கலாமே," என்று நல்ல பக்கத்தைப் பார்த்தாராம். அப்பா டி.வி. சத்தத்தை மட்டும் கூட்டினாராம்.

"அவகிட்ட நோட்ஸ் கடன் கேக்கற நிலைமை வந்தா நான் நிஜமாவே கப்பலேறிடுவேன்," என்றாள் வாயாடி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கையில் இருந்த பேனா மூடியை மென்று சப்பட்டையாக்கியிருந்தாள்.

மேனேஜர் தன் பங்குக்கு உதவினான். தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம், தீவு முழுக்கச் சுற்றிக்காட்ட நேரம் இருக்காது என்று சொல்லி, விளையாட்டு நேராகச் சிறையில் ஆரம்பிப்பதுபோல ஒரு குறுக்குவழி செய்தான். அதுவரைக்கும் கொள்ளையன் சேர்த்திருக்கும் பொருட்களைப் பையில் முன்கூட்டியே போட்டு வைத்தான். "பதினாலு நிமிஷம். ஒன்பது கிளிக். சிறைக் கதவு தெறக்கும், கப்பல் கெளம்பும், கைதட்டு," என்றான். பிறகு வாயாடியைப் பார்த்து, "நீ வாயைத் தெறக்காம இரு. அதுவே பெரிய உதவி," என்றான்.

வெளித் தேர்வாளர் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். குட்டையான உருவம், கட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் துணிப்பை. போன கல்லூரியில் பாதி வகுப்பை ஃபெயிலாக்கி உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று காரிடாரில் செய்தி ஓடியது. அவர் சிரித்ததற்குச் சாட்சி யாரும் இல்லை. லேபின் கடைசி வரிசையில் எங்கள் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் துறைத் தலைவர், கையில் அந்தத் தாள், பென்சில் கோடு மேலே தெரியும்படி.

"மேடம், நான் சொல்ற வரிசைல கிளிக் பண்ணுங்க," என்று மேனேஜர் ஆரம்பித்தான்.

"நீங்க சொல்ற வரிசைல பண்ணினா வெளையாடறது நீங்கதானே? நான் எதுக்கு?" என்று மவுஸைப் பிடுங்கிக்கொண்டார்.

திரையில் சிறை. பூட்டிய கம்பிக் கதவு, வெளியே தூங்கும் காவலன், ஒரு ஜன்னல், ஒரு வாளி, ஒரு எலி, மூலையில் சங்கிலியோடு ஓர் எலும்புக்கூடு. மேடம் ஒரு நிமிஷம் பார்த்தார். பையைத் திறந்தார். இந்த மாதிரி விளையாட்டில் வழி தெரியாதவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற ஒரே காரியத்தைச் செய்தார். பையில் இருக்கும் எல்லாவற்றையும் எல்லாவற்றின் மேலும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

முதலில் வாளை எடுத்துக் காவலன்மேல் போட்டார். கொள்ளையனின் தலைக்கு மேல் எழுத்து வந்தது. மேடம் அதை ரேஷன் அட்டையைப் படிக்கிற குரலில் சத்தமாகப் படித்தார்.

"'அவருகிட்டயும் வாள் இருக்கு. அவரோடது வெட்டும்.'"

முகத்தில் ஒன்றுமில்லை. அடுத்து மரக்காலை எடுத்துக் கதவின்மேல் போட்டார்.

"'ஒதைக்கலாம். ஆனா அடுத்தவன் கால்ல நிக்கிற பழக்கம் எனக்கில்ல.'"

சீப்பை எலும்புக்கூட்டின்மேல்.

"'இந்த அக்கற அவரு உசுரோட இருந்தப்ப இருந்திருக்கணும்.'"

மேடத்தின் மேலுதடு ஒரு பக்கமாக லேசாக அசைந்தது. கொசு உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் என் முழங்கையைக் கிள்ளினான். திரும்பிப் பார்த்தால் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"கரண்டி இல்லடா," என்றான் காதோடு.

"என்ன கரண்டி?"

"பைல கரண்டி இல்லடா!"

அந்தக் கதவைத் திறக்க ஒரே வழி, கப்பல் சமையலறையில் கிடக்கும் கரண்டியை எடுத்து வந்து கம்பியில் தட்டுவது. காவலன் சாப்பாட்டு நேரம் என்று நினைத்து எழுந்து திறப்பான். மேனேஜர் போட்ட குறுக்குவழி சமையலறைக்குப் போகாமலே சிறைக்கு வருகிறது. எல்லாப் பொருளையும் அள்ளிப் பையில் போட்டவன் கரண்டியை மறந்துவிட்டான். சரியான வழி தலைகீழாகத் தெரிந்த மூன்று பேர் சேர்ந்து, சரியான வழியே இல்லாத ஒரு சிறையைக் கட்டி, அதில் வெளித் தேர்வாளரை உட்கார வைத்திருந்தோம்.

மேனேஜர் வாயாடியிடம் குனிந்தான். "நிறுத்திடலாம். கோளாறுன்னு சொல்லி முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவேன்."

அவள் திரையைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். துறைத் தலைவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். நிறுத்தினால் மேனேஜரின் ஒன்பது கிளிக்கை மேடம் பார்ப்பார், கதவு திறக்கும், எல்லாம் நல்லபடியாக முடியும், அவள் மட்டும் அடுத்த வருடம் தங்கச்சி பக்கத்தில் உட்காருவாள். நிறுத்தாவிட்டால் மூன்று பேரும் உட்காரலாம்.

"சும்மா இரு," என்றாள். "மேடம் எலிகிட்டப் போறாங்க."

"அடியே, கதவு தெறக்கலன்னா மூணு பேருக்கும் சங்குதான்!"

"தெரியும். ஆறு மாசம் எழுதியிருக்கேன்டா. ஒருத்தராவது படிக்கட்டும்."

மேனேஜர் என்னைப் பார்த்தான். நான் எலும்புக்கூட்டைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த தைரியமான முடிவு அதுதான், வேறு பக்கம் பார்த்தது.

மேடம் நங்கூரத்தை எலிமேல் போட்டார். "'எலி வேண்டாம்னு சொல்லுது. எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.'" தொலைநோக்கியைச் சுவர்மேல் போட்டார். "'சுவர் பெருசா தெரியுது. மனசு இன்னும் சின்னதாயிடுச்சு.'" செத்த மீனை ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடல்மேல் போட்டார். "'திரும்பக் கொண்டுபோய் விட்டா அது நம்மள மன்னிச்சுடும்னு நெனக்கறீங்களா?'"

மீனை மறுபடியும் கடல்மேல் போட்டார்.

"'அதான் கேட்டேனே?'"

மூன்றாவது தடவையும் போட்டார்.

"'நீங்க வீட்லயும் இப்படித்தானா?'"

மேடத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பழைய குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. அடுத்த நொடி விசிலே வந்துவிட்டது. லேபில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர் இதே வார்த்தையத்தான் கேப்பாரு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி மவுஸைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் தடுக்கவில்லை. இருபத்திரண்டு பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்தார். எலும்புக்கூட்டிடம் ஊதலைக் கொடுத்தார். மூச்சு இல்லாதவரிடம் கேட்கிற உதவியா இது என்றான் கொள்ளையன். காவலனுக்குத் தலையணை கொடுத்தார். இவருக்கு எதிராகத்தான் இந்த விளையாட்டு என்பதை ஞாபகப்படுத்தினான். வாளிக்குத் தொப்பி மாட்டினார். துறைமுக அதிகாரி மாதிரியே இருக்கு, எதுக்கும் எந்திரிச்சு நிப்போம் என்றான். பக்கத்துக் கம்ப்யூட்டரில் தங்கள் முறைக்குக் காத்திருந்த 'நூலக மேலாண்மை' அணி நாற்காலியோடு நகர்ந்து வந்து பின்னால் சேர்ந்துகொண்டது. "மேடம், கயித்த எலிக்குக் குடுங்க," என்று ஒருவன் சொன்னான். "பேசாதப்பா, அத அப்புறமா வெச்சிருக்கேன்," என்றார் மேடம்.

துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருமினார். "மேடம், இருபது நிமிஷம்தான் ஒரு டீமுக்கு. அம்பது நிமிஷம் ஆச்சு."

மேடம் நிமிர்ந்தார். "ஆமா, அந்தக் கதவு எப்பதான் தெறக்கும்?"

மேனேஜர் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கியிருந்தவள்தான் பேசினாள்.

"தெறக்காது மேடம். அதுக்கு ஒரு கரண்டி வேணும். பைல போட மறந்துட்டோம்."

"பாத்தீங்களா மேடம்!" என்றார் துறைத் தலைவர். "ப்ராஜெக்டே வேலை செய்யல."

"எது வேலை செய்யல?" மேடம் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "அம்பது நிமிஷமா பூட்டின ரூம்ல உக்காந்திருக்கேன் சார். வெளிய போகணும்னே தோணல. இந்தப் பதில் எல்லாம் யாரு எழுதினது?"

வாயாடி தயங்கினாள். அவள் தயங்கிய இரண்டாவது முறை அது. அதற்குள் மேனேஜர் கையைத் தூக்கிவிட்டான், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

"இவதான் மேடம். ரெண்டாயிரத்து அம்பத்தஞ்சும். நான் ஒத்த வரி போதும்னு சொன்னேன். கரண்டிய மறந்ததும் நான்தான்."

மேனேஜர் தன் அட்டவணையில் இல்லாத ஒரு காரியத்தைச் செய்து நான் பார்த்தது அப்போதுதான்.

"ரெண்டாயிரத்து அம்பத்தஞ்சா?" மேடம் அவள் பக்கம் திரும்பினார். "எதுக்கும்மா? சரியான வழிக்கு எழுதினா போதாதா?"

"சரியாப் பண்றவங்க பத்தொம்பது கிளிக்ல வீட்டுக்குப் போயிடுவாங்க மேடம். தப்பாப் பண்றவங்கதான் நம்ம கூட இருக்கறவங்க. அவங்கள 'அது நடக்காது'ன்னு சொல்லி அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

"ஆனா மேடம், இது கோடு இல்ல," என்று துறைத் தலைவர் தாளை முன்னால் நீட்டினார். "ஒரு வரி கோடுகூட இந்தப் பொண்ணு எழுதல."

"சார், கோடு எழுதின தம்பி என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுக் கரண்டிய வெளிய வெச்சுட்டாரு. கூடவே உக்காந்து பேச்சுத் துணை குடுத்தது இந்தப் பொண்ணு. இன்னைக்கு இந்த மிஷின்ல வேலை செஞ்சது அது ஒண்ணுதான்." கையை நீட்டினார். துறைத் தலைவர் பென்சிலைக் கொடுத்தார். மேடம் அதைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். "பேனா சார்."

பேனா வந்தது. பென்சில் கோட்டுக்குப் பக்கத்திலேயே அவள் பெயரை மேடம் பெரிய எழுத்தில் எழுதினார். அதற்கு நேராக மார்க் போட்டார். நான் தலைகீழாகப் படித்தேன்: நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. துறையின் சரித்திரத்திலேயே ப்ராஜெக்டில் அவ்வளவு யாரும் வாங்கியதில்லை. தங்கச்சி இனிமேல்தான் முயற்சி செய்ய வேண்டும். மேனேஜருக்கு எழுபத்தெட்டு. "கரண்டிக்குப் பத்து மார்க் கழிச்சிருக்கேன், நேர்மைக்கு நாலு சேத்திருக்கேன்," என்றார். என்னைப் பார்த்தார். "உங்க எலும்புக்கூட்டுக்கு ஒரு பக்கம் விலா எலும்பு அதிகமா இருக்குப்பா. எழுபத்தஞ்சு." எண்ணிப் பார்த்தேன். அதிகமாகத்தான் இருந்தது.

வாயாடி இரண்டு கையாலும் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றாள். நூலக மேலாண்மை அணி முதலில் கைதட்டியது, பிறகு லேப் முழுக்க. சத்தம் கேட்டுக் காரிடாரில் நின்றவர்களும் என்ன ஏது என்று தெரியாமல் தட்டினார்கள்.

மேடம் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்து லேப் கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்தார். நின்றார். திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கயித்த எலிக்குக் குடுக்கல," என்றார்.

"மேடம், அடுத்த டீம்..." என்று துறைத் தலைவர் ஆரம்பித்தார். ஆனால் கண் திரையில் இருந்தது. குனிந்தார். தொண்டையைச் செருமினார்.

"கயிறு இருக்கட்டும் மேடம்," என்றார் தாழ்ந்த குரலில். "மொதல்ல அந்தச் செத்த மீனக் காவலன் மூக்குகிட்ட வெச்சுப் பாருங்களேன்."